ஆபரேஷனுக்குப் பின் கைக்குழந்தைக்கு பிரஷர் மருந்து: நச்சு ஏறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் ஐசியூவில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். இதய ஆபரேஷன் முடிந்து வரும் குழந்தையின் தலைமாட்டில் வரிசையாக சிரிஞ்ச் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் வெள்ளித் தாளில் சுற்றியிருந்தால் பெற்றோரின் கண் அங்கேதான் போகும். "அது என்ன மருந்து? ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியர்களும் இதையேதான் கேட்கிறார்கள், அவர்கள் கேள்வி மட்டும் கொஞ்சம் ஆழமாக இருக்கும். இரு தரப்பும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எது சரி என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இதைப் படித்தால் தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். பிறகு ஏன் பிரஷர் ஏறுகிறது?

ஏறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. வலி, மயக்கம் தெளியும்போது வரும் பதற்றம், உடம்பில் நீர் அதிகமாகச் சேர்ந்திருப்பது, நிரம்பிப்போன சிறுநீர்ப்பை என்று சாதாரணமான காரணங்களே நிறைய. சிறுநீரக ஆபரேஷன், சில வகைக் கட்டிகளை அகற்றும் ஆபரேஷன் ஆகியவற்றுக்குப் பிறகும் பிரஷர் ஏறும்.

இதில் தனியாகச் சொல்ல வேண்டியது பெருந்தமனிச் சுருக்கம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் நெரிந்து குறுகியிருக்கும். அந்த இடத்தை வெட்டி ஒட்டுவதை 1944-இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதலில் செய்து காட்டினார். அடைப்பை நீக்கிவிட்டால் பிரஷர் இறங்க வேண்டும், இல்லையா? பல குழந்தைகளுக்கு ஆபரேஷன் முடிந்த கையோடு அது இன்னும் ஏறும். முதல் நாளில் ஏறுவதற்கு அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பொங்குவது காரணம். இரண்டு மூன்று நாள் கழித்து ஏறுவதற்குச் சிறுநீரகம் சுரக்கும் ரெனின் காரணம். அதனால்தான் பிரஷர் மருந்து சில மணி நேரத்தோடு நிற்காமல் நாள்கணக்கில் ஓடுகிறது. நச்சுப் பிரச்சினையும் இந்த நாள்கணக்கில்தான் தலைகாட்டும்.

அப்படியே விட்டால் என்ன?

புதிதாகப் போட்ட தையலில் ரத்தம் கசியலாம், தையலே விட்டுப்போகலாம். மூளையில் ரத்தக்கசிவு வரலாம். களைத்திருக்கும் இதயம் இன்னும் திணறும். ஆகவே குறைக்கத்தான் வேண்டும். ஆனால் சடாரென்று குறைத்தால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போய்விடும்.

கைக்குழந்தைக்கு எவ்வளவு இருந்தால் அதிகம் என்பார்கள்?

வயதையும் எடையையும் பொறுத்தது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் மேல் அளவு 65, 70 என்ற அளவில் இருப்பது சாதாரணம். ஒரு வயதை நெருங்கும்போது 85, 90 என்று வரும். பெரியவர்களுக்கு நல்ல அளவு என்று நாம் நினைக்கும் 120, பிறந்த சில நாளே ஆன குழந்தைக்கு மிக அதிகம்.

மருந்து தொடங்கும் முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். தேவையில்லாமல் கொடுத்த மருந்தின் நச்சுதான் மனதை அதிகம் உறுத்துவது.

முதலில் அந்த எண்ணை நம்பலாமா என்று பார்க்க வேண்டும். கையில் சுற்றும் பட்டை சிறியதாக இருந்தால் பிரஷர் பொய்யாக உயர்ந்து காட்டும். பட்டையின் உள்ளே காற்று நிரம்பும் பை, கைச் சுற்றளவில் ஏறக்குறைய 40 சதவீத அகலம் இருக்க வேண்டும். தமனிக்குள் குழாய் போட்டு நேரடியாக அளக்கும்போது, அளக்கும் கருவி இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அது 10 செ.மீ. கீழே சரிந்துவிட்டால் மானிட்டரில் பிரஷர் 7 மி.மீ.க்கும் மேல் கூடுதலாகக் காட்டும். பெரியவருக்கு இது பெரிய விஷயமில்லை. 70 இருக்க வேண்டிய குழந்தைக்கு இது மருந்தின் டோஸைக் கூட்டவைக்கும் வித்தியாசம். படுக்கையை உயர்த்திவிட்டுக் கருவியை உயர்த்த மறந்துபோவது எல்லா இடத்திலும் நடக்கிற ஒன்று.

அப்புறம் வலி. அழக்கூட முடியாமல் வென்டிலேட்டரில் கிடக்கும் குழந்தையின் வலியை நெற்றிச் சுருக்கத்திலும் இறுக மூடிய கைவிரல்களிலும் இதயத்துடிப்பிலும்தான் படிக்க வேண்டும். வலிக்கு மருந்து கொடுத்துப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் பல நேரம் பிரஷர் தானாக இறங்கிவிடும்.

சரி, அந்த வெள்ளித் தாளில் சுற்றியிருப்பது என்ன?

பெரும்பாலும் சோடியம் நைட்ரோப்ருசைடு. ரத்தக்குழாய்களின் சுவரில் உள்ள தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கும் மருந்து. ரத்தத்தில் கலந்ததும் நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்கும், அந்த வாயுதான் குழாயை விரிக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். நிறுத்தினால் சில நிமிடங்களில் அதன் பிடி விட்டுவிடும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 2 நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் நிலைமை மாறும் குழந்தைக்கு இப்படி ஒரு மருந்து பெரிய வரம், அதை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் இது 1974-இல் அனுமதி பெற்றது, இன்றும் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது.

தாள் எதற்கு என்றால், வெளிச்சம் பட்டால் மருந்து சிதையும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்ததும் உடனே மூடிவிட வேண்டும். லேசான பழுப்பு நிறம் இருந்தால் பயமில்லை. நீலமாகவோ பச்சையாகவோ சிவப்பாகவோ மாறியிருந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். சிரிஞ்சைச் சுற்றியது போதும் என்று நினைத்து நிறம் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் நான் தாளின் ஓரத்தை விலக்கி ஒரு பார்வை பார்ப்பேன்.

இதில் சயனைடு இருக்கிறது என்று படித்தேன். உண்மையா?

உண்மை. மூலக்கூறின் நடுவில் ஓர் இரும்பு அணு, அதைச் சுற்றி ஐந்து சயனைடு, ஒரு நைட்ரோசோ. எடைக் கணக்கில் மருந்தின் சுமார் 44 சதவீதம் சயனைடு. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினைத் தொட்டதும் மூலக்கூறு உடைந்து நைட்ரிக் ஆக்சைடோடு சயனைடும் வெளியே வருகிறது. நல்லதும் கெட்டதும் ஒரே நேரத்தில் உடம்புக்குள் இறங்குகின்றன.

இதைக் கேட்டதும் பெற்றோரின் முகம் வெளுத்துவிடும். ஆனால் உடம்புக்கு சயனைடு புதிதல்ல, கொஞ்சமாக வந்தால் அதைச் சமாளிக்க வழி வைத்திருக்கிறது. வந்ததில் ஒரு பகுதியை மெத்ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிப்போன ஹீமோகுளோபின்) பிடித்துக்கொள்ளும். மீதியைக் கல்லீரலில் உள்ள ரோடனீஸ் என்ற என்சைம் கந்தகத்தோடு சேர்த்து தயோசயனேட்டாக மாற்றும். தயோசயனேட் நச்சு குறைந்தது, சிறுநீரில் மெல்ல வெளியேறிவிடும். இதில் என்சைம் தாராளமாகவே இருக்கிறது. தட்டுப்பாடு வருவது கந்தகத்துக்குத்தான். உடம்பில் அந்தக் கந்தகத்தைத் தரும் தயோசல்ஃபேட்டின் கையிருப்பு சிறியது. அது தீர்ந்தால் சயனைடு அப்படியே தங்கிவிடும்.

எவ்வளவு டோஸ் வரை உடம்பு தாங்கும்?

கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராம். ஐசியூவில் வேலை பார்க்கிறவர்கள் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண் இது. இதற்கு மேல் போனால் உடம்பு கழுவித் தள்ளும் வேகத்தைவிட சயனைடு வரும் வேகம் கூடுதல். தொடங்கும் டோஸ் 0.3 போல மிகச் சிறியது. உச்சவரம்பு 10. அந்த 10-ஐயும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 2 என்ற டோஸ் ஓடுகிறது. நிமிடத்துக்கு 8 மைக்ரோகிராம், மணிக்கு 480, ஒரு நாளைக்கு 11.5 மி.கிராம். அதில் 44 சதவீதம் என்றால் ஒரே நாளில் 5 மி.கிராம் சயனைடு அந்தச் சின்ன உடம்புக்குள் போய்க் கழிந்தாக வேண்டும். டோஸ் 4 ஆனால் 10 மி.கிராம், அதில் பாதி கழியாமல் தேங்கும்.

ஆரோக்கியமான பெரியவரின் உடம்பே கிலோவுக்கு மொத்தம் 500 மைக்ரோகிராம் நைட்ரோப்ருசைடிலிருந்து வரும் சயனைடைத்தான் மெத்ஹீமோகுளோபினால் பிடித்துவைக்கும். உச்ச டோஸில் அது 50 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

கைக்குழந்தைக்கு ஏன் ஆபத்து அதிகம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கைக்குழந்தை பெரிய மனிதரின் சின்ன அளவு அல்ல. கல்லீரல் முழு வேகத்துக்கு வர மாதங்கள் ஆகும். பிறந்த குழந்தையின் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் மிகக் குறைவு, பெரியவர் அளவை எட்ட ஒன்று முதல் இரண்டு வயது வரை ஆகும். தயோசயனேட் வெளியேற வேண்டிய வழி ஆரம்பத்திலேயே குறுகல் என்று பொருள்.

அதன் மேல் ஆபரேஷன். இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் சுற்றும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடையும். உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் வெளியே கொட்டி நைட்ரோப்ருசைடோடு நேரடியாகச் சேரும், சயனைடு வெளியாவது கூடும். உடம்பைக் குளிரவைத்து ஆபரேஷன் செய்திருந்தால் என்சைம்கள் மந்தமாகியிருக்கும். கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் சில மணி நேரம் குறைந்திருக்கும்.

பட்டினியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கந்தகம் உடம்புக்கு வருவது புரதத்திலிருந்து. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பால் நிறுத்தப்பட்டிருக்கும். பெருந்தமனிச் சுருக்கத்தைச் சரிசெய்தவர்களுக்குக் குடலின் ரத்தக்குழாய்கள் அழற்சி அடையும் வாய்ப்பு இருப்பதால் பால் கொடுப்பதை இன்னும் தள்ளிப்போடுவார்கள். பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகள் பல நேரம் எடை ஏறாமல் மெலிந்துதான் வருகிறார்கள். கையிருப்பு முதலிலேயே குறைந்திருக்கும் குழந்தைக்கு நாம் மருந்து ஓட்டுகிறோம் என்ற நினைப்பு எப்போதும் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று: கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பெரியவர் தலை சுற்றுகிறது, காதில் இரைகிறது, குழப்பமாக இருக்கிறது என்பார். மயக்கத்திலும் தூக்க மருந்திலும் கிடக்கும் மூன்று வாரக் குழந்தைக்கு அந்த வழி இல்லை.

நச்சு ஏறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சயனைடு செல்களுக்குள் போய் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடத்தை அடைத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், திசுக்களால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகள் எல்லாமே இதிலிருந்து கிளைப்பது தெரியும்.

ஆக்சிஜன் இல்லாமல் எரியும் செல் லாக்டிக் அமிலத்தைக் கக்கும். ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், லாக்டேட் 2-க்குக் கீழே இருக்க வேண்டியது ஏறத் தொடங்கும். திசுக்கள் எடுக்காத ஆக்சிஜன் சிரை ரத்தத்தில் அப்படியே திரும்பும். சாதாரணமாக 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும் சிரை ரத்த ஆக்சிஜன் 80, 90 என்று காட்டும். சிரையிலிருந்து எடுத்த ரத்தம் கருஞ்சிவப்பாக இல்லாமல் தமனி ரத்தம்போலப் பளிச்சென்று இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியோ நூறு சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருக்கும், அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இன்னும் முற்றினால் வலிப்பு, இதயத்துடிப்பு தாறுமாறாவது, பிரஷர் சரிவது என்று போகும்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு குறி தெரியும். அதே பிரஷரை வைத்திருக்க மருந்து மேலும் மேலும் தேவைப்படும். காலையில் 1 போதுமாக இருந்தது, மதியம் 2, இரவில் 3. இந்தப் படியேற்றத்தைப் பார்த்தால் "இந்தக் குழந்தைக்கு பிரஷர் பிடிவாதமாக இருக்கிறது" என்றுதான் முதலில் தோன்றும். மருந்தைச் சந்தேகப்பட வேண்டிய நேரம் அது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில், வேறொரு மருத்துவமனையில். இரவு முழுவதும் ஒரு குழந்தைக்கு டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஒவ்வொரு முறையும் மருத்துவர் உத்தரவோடுதான், ஒவ்வொரு முறையும் 0.5 மட்டும்தான். பிரஷர் நாங்கள் கேட்ட இடத்தில் நின்றது. லாக்டேட் 2-இலிருந்து 3, 3-இலிருந்து 5 என்று போனதை ஆபரேஷனின் களைப்பு என்று எழுதிவைத்தோம். விடியற்காலையில் வந்த மூத்த மருத்துவர் விளக்கப்படத்தை விரித்து, டோஸ் கோட்டையும் லாக்டேட் கோட்டையும் விரலால் ஒன்றாகத் தடவிக்காட்டினார். இரண்டும் ஒரே சாய்வில் ஏறியிருந்தன. உடனே மருந்தை நிறுத்தி நச்சுமுறி மருந்து கொடுத்தார்கள், குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து இரண்டு எண்களையும் ஒரே வரியில், பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிறேன்.

லாக்டேட் ஏற வேறு காரணங்களும் உண்டு: இதயம் சரியாகப் பம்ப் செய்யாதது, ரத்தக்கசிவு, சில மருந்துகள். அப்போது சிரை ரத்த ஆக்சிஜனைப் பாருங்கள். இதயம் திணறினால் அது குறையும், சயனைடு என்றால் கூடும். ஆனால் இதயத்தில் துளை இன்னும் இருக்கும் குழந்தைகளிடம் இந்தக் கணக்கு குழம்பும்.

ரத்தத்தில் சயனைடு அளவைப் பரிசோதித்துப் பார்த்தால் போதாதா?

அந்தப் பரிசோதனை பெரும்பாலான மருத்துவமனைகளில் கையோடு கிடைப்பதில்லை. வெளியே அனுப்பி முடிவு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சந்தேகம் வலுத்தால் ரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவதே முறை. கசந்த பாதாம் வாசனை வரும் என்பார்கள். பலருக்கு அந்த வாசனையே தெரியாது, அதை நம்ப வேண்டாம்.

நச்சு ஏறிவிட்டால் என்ன செய்வார்கள்?

முதல் வேலை நைட்ரோப்ருசைடை நிறுத்துவது. நூறு சதவீத ஆக்சிஜன் கொடுப்பார்கள். பிரஷருக்கு வேறு மருந்தைத் தயாராக வைத்திருப்பார்கள், ஏனென்றால் இதை நிறுத்திய சில நிமிடங்களில் பிரஷர் எகிறும்.

நச்சுமுறி மருந்துகளில் ஒன்று ஹைட்ராக்ஸோகோபாலமின். வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம்தான், ஆனால் டோஸ் மிகப் பெரியது: குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 70 மி.கிராம். சயனைடைக் கவ்விப் பிடித்துச் சிறுநீரில் கொண்டுபோகும். தோல் இரண்டு வாரம் வரையும் சிறுநீர் ஐந்து வாரம் வரையும் சிவந்திருக்கலாம். பெற்றோர் அதைப் பார்த்து ரத்தம் என்று பதறுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிறத்தை வைத்துச் செய்யும் சில ரத்தப் பரிசோதனைகளும் அப்போது தவறாக வரும்.

இன்னொன்று சோடியம் தயோசல்ஃபேட். தீர்ந்துபோன கந்தகத்தை நேரடியாகக் கொடுப்பது.

மூன்றாவதாக சோடியம் நைட்ரைட். ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றி அதில் சயனைடைச் சிக்கவைக்கும் பழைய வழி. கைக்குழந்தைக்கு இதில் எனக்குப் பயம் உண்டு. மெத்ஹீமோகுளோபினைத் திரும்பச் சரியாக்கும் என்சைம் கைக்குழந்தையிடம் பெரியவரின் பாதி அளவுதான். கருவிலிருந்து வந்த ஹீமோகுளோபினும் சுலபமாக மாறிவிடும். அளவு தப்பினால் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் சுமக்கும் திறனையும் இழப்போம். பிரஷரையும் அது வீழ்த்தும். மற்ற இரண்டும் கையில் இருக்கும்போது இதைத் தொடத் தேவையில்லை.

டயாலிசிஸ் சயனைடை அகற்றாது. தயோசயனேட்டை அகற்றும்.

தயோசல்ஃபேட்டை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுத்துவிடலாமே?

சில மருத்துவமனைகளில் அப்படிச் செய்கிறார்கள், 100 மி.கிராம் நைட்ரோப்ருசைடுக்கு 1 கிராம் தயோசல்ஃபேட் என்ற கணக்கில். சயனைடு குறையும். ஆனால் அதே அளவுக்கு தயோசயனேட் உருவாகும், அதை வெளியேற்றச் சிறுநீரகம் வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் குறைந்திருக்கும் குழந்தைக்குப் பிரச்சினையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளிவைத்ததாகவும் ஆகலாம். டோஸைக் குறைவாக வைத்து, சீக்கிரம் வேறு மருந்துக்கு மாறுவது இதைவிட நல்லது என்பது என் எண்ணம்.

தயோசயனேட்டும் நச்சா?

சயனைடு அளவுக்கு இல்லை, ஆனால் சேர்ந்தால் நச்சுதான். சிறுநீரகம் நன்றாக இருந்தாலே அதன் அரை ஆயுள் சுமார் 3 நாள். பல நாள் மருந்து ஓடினாலோ சிறுநீரகம் பழுதானாலோ குவியும். கண்மணி சுருங்குவது, கைகால் துடிப்பு, வாந்தி, வலிப்பு ஆகியவை அடையாளங்கள்.

வேறு மருந்துகளே இல்லையா? அவற்றுக்கு நச்சு கிடையாதா?

இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அதன் அதன் ஆபத்தும் இருக்கிறது.

நிகார்டிபின் இப்போது பல இடங்களில் நைட்ரோப்ருசைடின் இடத்தைப் பிடித்துவருகிறது. சயனைடு கவலை இல்லை. ஆனால் நிறுத்தினாலும் அதன் விளைவு உடனே போகாது. சிறிய சிரையில் ஓட்டினால் அந்தச் சிரை புண்ணாகும். இதே கால்சியம் தடுப்பான் குடும்பத்தைச் சேர்ந்த வெராபமிலை ஒரு வயதுக்குக் கீழ் சிரை வழியாகக் கொடுக்கவே கூடாது. கைக்குழந்தையின் இதயத்தசை வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பித்தான் சுருங்குகிறது, அதைத் தடுத்தால் இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு.

எஸ்மோலால் இதயத்துடிப்பைக் குறைத்துப் பிரஷரை இறக்கும். பெருந்தமனிச் சுருக்க ஆபரேஷனுக்குப் பின் அட்ரினலின் பொங்கும் முதல் நாளில் நன்றாக வேலை செய்யும். நைட்ரோப்ருசைடோடு சேர்த்துக் கொடுத்தால் நைட்ரோப்ருசைடின் டோஸ் குறையும், எனவே சயனைடும் குறையும். துடிப்பு மிகவும் குறைவது, மூச்சுக்குழாய் இறுகுவது, சர்க்கரை இறங்குவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். லபெட்டலாலுக்கும் ஏறக்குறைய இவையே.

கேப்டோபிரில், எனலாபிரில் வகை மருந்துகள் ரெனின் ஏறும் இரண்டாம் கட்டத்துக்குப் பொருத்தமானவை. ஆனால் பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளிடம் இவை சின்ன அளவிலேயே பிரஷரை வீழ்த்தும், சிறுநீரே வராமல் செய்துவிடும். அதனால் முதல் டோஸை மிகச் சிறியதாகக் கொடுத்து அடுத்த சில மணி நேரம் அருகிலேயே இருந்து பார்ப்பார்கள்.

டோஸ் தவறிப்போகும் வாய்ப்பு எவ்வளவு?

கைக்குழந்தைகளின் ஐசியூவில் தசமப்புள்ளி ஒன்று இடம் மாறினால் பத்து மடங்கு. 0.5 என்பதற்குப் பதில் 5 ஓடினால் குழந்தை சில நிமிடங்களில் சரிந்துவிடும். ".5" என்று எழுதக் கூடாது, "0.5" என்று எழுத வேண்டும். "5.0" என்றும் எழுதக் கூடாது, "5" போதும். பம்பில் எண்ணைப் போட்டபின் இரண்டாவது ஆள் வந்து, நான் போட்ட எண்ணைப் பார்க்காமல் தானே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். வெறுமனே தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

குழாயிலும் ஒரு பொறி இருக்கிறது. மருந்து ஓடும் லைனிலேயே வேறு மருந்தைத் தள்ளினால், குழாய்க்குள் நிற்கும் நைட்ரோப்ருசைடு மொத்தமாக உள்ளே போய்ப் பிரஷர் தலைகுப்புற விழும். சிரிஞ்ச் தீர்ந்து மாற்றும்போது ஒரு நிமிடம் நின்றாலே பிரஷர் எகிறும். எனவே தீர்வதற்கு முன்பே இரண்டாவது பம்பில் புதிய சிரிஞ்சைத் தயாராக ஓடவிட்டு மாற்றுவோம்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் என்ன கேட்கலாம்?

தயங்காமல் கேளுங்கள். "இன்று டோஸ் எவ்வளவு, நேற்று எவ்வளவு?" இந்த ஒரு கேள்வி போதும், நாங்களும் ஒருமுறை நின்று யோசிப்போம். கூடவே லாக்டேட் எப்படி இருக்கிறது, சிறுநீர் எவ்வளவு போகிறது, வாய்வழி மருந்துக்கு எப்போது மாற்றுவீர்கள் என்றும் கேட்கலாம். மருந்தின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பல அம்மாக்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் குழந்தையின் முகம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். "இன்றைக்கு என்னவோ மாதிரி இருக்கிறான்" என்று ஓர் அம்மா சொன்னால் நான் எழுந்து போய்ப் பார்ப்பேன்.

நச்சு ஏறி மீண்ட குழந்தைக்குப் பிற்காலத்தில் பாதிப்பு வருமா?

சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்திய குழந்தைகள் முழுதாகத் தேறிவர நல்ல வாய்ப்பு உண்டு. மூளை நெடுநேரம் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் இருந்திருந்தால் பாதிப்பு தங்கலாம். அப்படிப்பட்ட குழந்தைகளின் கழுத்து நிற்பது, பார்வை, தவழ்வது, பேச்சு ஆகியவற்றை வளர்ச்சி நிபுணரிடம் தொடர்ந்து காட்டிவர வேண்டும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பிரஷர் மருந்தில் இந்தப் பயம் உண்டா?

சயனைடு பயம் இல்லை, அது ஐசியூவோடு முடிந்துவிடும். வேறு சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

கேப்டோபிரில் திரவமாகக் கொடுத்தால் பாட்டிலில் 1 மி.லி.க்கு எத்தனை மி.கிராம் என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். 1 மி.கிராம், 5 மி.கிராம் என இரண்டு வலுவிலும் இருக்கிறது. பழைய பாட்டிலின் அளவிலேயே புதியதை ஊற்றினால் ஐந்து மடங்கு போய்விடலாம். டீஸ்பூன் வேண்டாம், வாய்வழி சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். குழந்தைக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து பால் குடிக்காவிட்டால் அடுத்த வேளை மருந்துக்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீர் வற்றிய உடம்பில் இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபனை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பொட்டாசியத்துக்கும் கிரியாட்டினினுக்கும் சொன்ன தேதியில் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

ப்ரோப்ரனலால் என்றால் பால் குடித்த பிறகே கொடுங்கள். பால் குடிக்காத வேளையில் கொடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். நடுக்கத்தையும் படபடப்பையும் அந்த மருந்தே மறைத்துவிடுவதால் வெளியே தெரிவது வியர்வையும் எழுப்ப முடியாத தூக்கமும்தான். நெற்றியில் குளிர்ந்த வியர்வையோடு துவண்டு கிடந்தால் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள், மருந்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு.